பழைய ஓடுதளங்களில் நடமாடுகிறவர்கள்



நம் தேவதானத்திலிருந்து சங்கரன்கோவில் வழியாகத் தென்கிழக்கே சென்றால் கயத்தாறு. 1799 அக்டோபர் 16 அன்று கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட ஊர் என்றே நாம் அதை அறிந்திருக்கிறோம். அவ்வூரின் வெட்டவெளியில் வேறொரு வரலாற்றுச் சின்னமும் கிடக்கிறது: இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் ஆங்கிலேயர் அமைத்த விமான ஓடுதளம். ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்றி, 1942 ஏப்ரலில் கொழும்பையும் திருகோணமலையையும் வானிலிருந்து தாக்கிய காலம் அது. உளுந்தூர்ப்பேட்டை, செட்டிநாடு, சோழவரம் எனத் தமிழகத்தின் பல இடங்களில் இத்தகைய தளங்கள் இருந்தன. போர் முடிந்தபின் சோழவரம் கார்ப் பந்தயத்துக்குப் பயன்பட்டது. வேறு சில, புல் முளைத்து ஆடு மேயும் இடங்களாயின.

கைவிடப்பட்ட இத்தகைய தளங்களைச் சுற்றி உலகெங்கும் பேய்க்கதைகள் எழுகின்றன. நள்ளிரவில் இயந்திர இரைச்சல், காலியான கட்டடத்தில் பூட்ஸ் ஒலி, ஓடுபாதையின் முனையில் சீருடை உருவம். இவற்றுள் பாதிக்கு இயற்கையே விடை தந்துவிடும். பகலில் காய்ந்த நிலம் இரவில் விரைந்து குளிரும்போது, தரையை ஒட்டிய காற்றும் குளிர்ந்துவிடுகிறது. அதற்கு மேலே வெப்பக்காற்று நிற்கிறது. அப்போது மேலே சிதறிப்போக வேண்டிய ஒலி வளைந்து தரைக்கே திரும்புகிறது. எங்கோ நாற்கரச் சாலையில் செல்லும் லாரியின் உறுமல், மரமற்ற சமவெளியில் தலைக்குமேல் கேட்பதுபோலக் கேட்கும். ஆள் அரவம் கேட்டால் இருட்டிலும் கத்துகிற ஆட்காட்டிப் பறவைக்கும் இத்தகைய வெளிதான் விருப்பமான இடம். தனியே நடக்கிறவனை நடுங்கவைக்க இவை போதும்.

மீதிப் பாதிக்குத்தான் நாம் செவிகொடுக்க வேண்டும்.

அந்நியப் போர்வீரனின் ஆவி நம் தென்சீமைக்குப் புதிதன்று. 1809இல் திருவிதாங்கூர் அரண்களைக் கும்பினிப் படை தாக்கியபோது போல் என்னும் ஆங்கிலேயத் தளபதி படுகாயமுற்று மாண்டார். அவருடைய கல்லறையில் மக்கள் சாராயமும் சுருட்டும் படைத்து வணங்கிவந்ததை இடையன்குடி கால்டுவெல் ஐயர் பதிவு செய்திருக்கிறார். இதைப் படித்துச் சிரிப்பவர்கள் உண்டு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அகால மரணம் அடைந்தவன் அமைதியற்று அலைவான், அவனுக்குப் பிரியமானதைக் கொடுத்து ஆற்றவேண்டும் என்பது இம்மண்ணின் பழைய எண்ணம். பகைவன் என்றும் பாராமல் அந்த இரக்கத்தை ஒரு வெள்ளைக்காரனுக்கும் நீட்டியிருக்கிறார்கள். வழிபாடு தவறு என்று நாம் போதிக்கிறோம். அதற்கு அடியில் இருந்த இரக்கத்தைக் கவனிக்கத் தவறிவிடுகிறோம்.

விமானத்தளப் பேய்க்கதைகளில் மிகப் பழைமையானவற்றுள் ஒன்று ஸ்காட்லாந்தின் மான்ட்ரோஸ் தளத்துக்குரியது. 1913 மே 27 அன்று டெஸ்மண்ட் ஆர்தர் என்னும் அயர்லாந்து இளைஞர் ஓட்டிச்சென்ற விமானத்தின் இறக்கை நடுவானில் முறிந்தது. அவர் விழுந்து மாண்டார். முன்பே உடைந்திருந்த இறக்கையை எவரோ அரைகுறையாக ஒட்டி, மேலே புதுத்துணி போர்த்தி மறைத்திருந்ததை விமானக் கழகத்தின் விசாரணை கண்டறிந்தது. ஆனால் 1916இல் அரசு அமைத்த குழுவின் இடைக்கால அறிக்கை அதை ஏற்கவில்லை. பழி இறந்தவர்மேலேயே சாய்ந்தது. அவ்வாண்டின் இலையுதிர் காலத்தில் மான்ட்ரோஸ் அதிகாரிகள் விடுதியில் ஓர் உருவம் நடமாடுவதாகப் பேச்சு எழுந்தது. ஆண்டிறுதியில் வந்த இறுதி அறிக்கை, பழுதை மறைத்த கதைக்கு இடமளித்தது. அதற்குப்பின் அந்த உருவம் தோன்றவில்லை என்றார்கள்.

இதில் ஆவி வந்ததா என்பதைவிட, அதைக் கண்டவர்கள் யார் என்பதே என் கவனத்தை ஈர்க்கிறது. அவர்களும் அத்தகைய விமானங்களில் மறுநாள் காலை ஏறவேண்டியவர்கள். இறக்கையை ஒட்டிய கை யாருடையது என்று கேட்கச் சீருடை அணிந்தவனுக்கு வாய் இல்லை. பேய்க்கு அந்தத் தடை இல்லை. ஆபேலின் இரத்தம் நிலத்திலிருந்து கூப்பிட்டதாக வாசிக்கும் நமக்கு இது விளங்காத மொழி அன்று.

1940இல் பிரிட்டன் வான்போரின்போது போர் விமானப்படைக்குத் தலைமை தாங்கிய ஹ்யூ டௌடிங்கையும் இங்கே நினைக்கவேண்டும். அப்போரில் அவருடைய வீரர்கள் 500க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பதவி நீங்கியபின், இறந்த வீரர்கள் தம்மோடு பேசுவதாக வெளிப்படையாகவே கூறினார். 1943இல் அதைக் குறித்து எழுதிய நூலுக்கு யோவான் 14ஆம் அதிகாரத்திலிருந்து தலைப்பும் எடுத்தார். எந்தோருக்கு மாறுவேடத்தில் போன சவுலின் வழி அது. நாம் போகக்கூடாத வழி. ஆயினும் இருபது வயதுப் பிள்ளைகளை நாள்தோறும் வானுக்கு அனுப்பி, திரும்பாதவர்களை எண்ணிய ஒரு மனிதரின் துக்கத்தை அறியாமல் அவரை ஏளனம் செய்யலாகாது.

இனி, நம் வீட்டுப் பிள்ளைகள் வேலைக்குச் சென்று இறங்கும் இடத்துக்கு வருவோம். சிங்கப்பூரின் சாங்கி. 1943இல் ஜப்பானியர் நேச நாட்டுப் போர்க்கைதிகளைக் கொண்டு அங்கே விமானத்தளம் அமைக்கத் தொடங்கினர். பசியால் மெலிந்தவர்கள் மேட்டை வெட்டிச் சதுப்பை நிரப்பினர். சயாம் மரண ரயில்பாதையில் பிழைத்துத் திரும்பியவர்களும் அவர்களுள் இருந்தனர். போருக்குப்பின் அதே தளத்தைச் சீரமைக்க ஜப்பானியக் கைதிகள் வேலை வாங்கப்பட்டனர். 1946இல் அது ஆங்கிலேய விமானப்படையின் தளமாயிற்று. 1981இல் திறக்கப்பட்ட இன்றைய பன்னாட்டு நிலையம் அதன் அருகே எழுந்தது.

சாங்கியைப்போல் பேய்க்கதை மலிந்த இடம் சிங்கப்பூரில் வேறில்லை என்பார்கள். பழைய படை மருத்துவமனையில் அலறல் கேட்கும், கடற்கரையில் தலையற்ற உருவம் நடக்கும் என்றெல்லாம் கதைகள். திரைப்படமும் எடுத்துவிட்டார்கள். அக்கடற்கரையில் 1942 பிப்ரவரி 20 அன்று நடந்ததோ கதையன்று: 66 சீன ஆண்கள் நீரோரத்தில் நிறுத்திச் சுடப்பட்டார்கள். பேயைத் தேடி இரவில் அங்கே போகும் இளைஞர்களுள் எத்தனைபேர் அந்த எண்ணை அறிவார்கள்?

அதே தளத்தின் எல்லைக்குள் பேய்க்கதைக்காரர்கள் அதிகம் பேசாத ஒரு சுவர் இருக்கிறது. கைதிகளின் மருத்துவமனையாயிருந்த ராபர்ட்ஸ் பாசறையில் ஸ்டான்லி வாரன் என்னும் வீரர் கடும் நோயுற்றுக் கிடந்தார். சிற்றாலயமாக மாற்றப்பட்ட கீழ்த்தள அறையில் படம் வரையுமாறு குருமார் கேட்டுக்கொண்டனர். 1942இல் தொடங்கி ஐந்து சுவரோவியங்கள் தீட்டினார். வண்ணத்துக்கு எங்கே போவது? தோழர்கள் திருடியும் தேடியும் கொணர்ந்த படைத்தளவாடப் பூச்சும், பில்லியர்ட்ஸ் ஆட்டத்துக்குரிய நீலச் சுண்ணக்கட்டியும் வண்ணமாயின. சிலுவைக் காட்சியில், கொலை செய்கிறவர்களை மன்னிக்கக் கேட்கும் ஆண்டவரின் ஜெபத்தை எழுதினார். பின்பு ஜப்பானியர் சுவர்களுக்கு வெள்ளையடித்துவிட்டனர். 1958இல் அவை மீண்டும் வெளிப்பட்டபோது வரைந்தவர் யாரென்று தெரியாமல் தேடினார்கள். லண்டனில் ஓவிய ஆசிரியராயிருந்தார். திரும்பிவர அவருக்கு மனமில்லை. மறக்கவேண்டியது அவ்வளவு இருந்தது. ஆயினும் 1963இல் வந்தார். 1982இலும் 1988இலும் மீண்டும் வந்து, மங்கிய முகங்களைத் தம் கையாலேயே புதுப்பித்தார்.

சாங்கிக் கைதிகள் உயிரோடு மீண்டுவந்த அந்த ரயில்பாதையில், மலேயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர் பல்லாயிரவர் மாண்டனர். காஞ்சனபுரியின் போர்க் கல்லறைத் தோட்டத்தில் ஏறத்தாழ 7,000 நேச நாட்டு வீரர்கள் வரிசையாகத் துயில்கிறார்கள். பெரும்பாலான கற்களில் பெயரும் படைப்பிரிவும் வயதும் உண்டு. தமிழ்த் தொழிலாளிக்கு அப்படி ஒரு கல் இல்லை. அவன் இரவில் நடமாடுவதாக ஒரு கதையையும் நம் ஊர்களில் நான் கேட்டதில்லை.