நெஞ்சை வைத்துத் துளைத்தவர்கள்

பிரான்ஸில் பேயூ என்கிற ஊரில் பல நூற்றாண்டுகளாகக் காப்பாற்றப்பட்ட ஒரு துணி உண்டு. சுமார் 70 மீட்டர் நீளம்! நார்மண்டியின் வில்லியம் 1066-ல் கடல் தாண்டிப் போய் இங்கிலாந்தைப் பிடித்த கதையை, காமிக்ஸ் புத்தகம் மாதிரி படம் படமாக அதில் நூலால் தைத்திருக்கிறார்கள். ராஜாக்கள், குதிரைகள், வெட்டுக்குத்து எல்லாம் இருக்கட்டும்... கப்பல் கட்டும் காட்சிக்கு வாருங்கள். கோடரி ஆசாமிகளுக்கு நடுவே ஒருவர் மரத்தில் துளை போட்டுக்கொண்டிருக்கிறார். அவர் கையில் இருப்பது, தலையில் நெஞ்சை முட்டுக்கொடுத்து அழுத்துகிற ரகத் துளைக்கருவி!

நெஞ்சு எதற்கு?

சின்னத் துளை எந்த நாட்டுத் தச்சருக்கும் பெரிய விஷயமில்லை. நம்மூர்த் துறப்பணம் போல கயிற்றைச் சுற்றி முன்னும் பின்னும் இழுத்தால், வேகமே வேலையை முடித்துவிடும். ஒரு இன்ச், ஒன்றரை இன்ச் என்று போகும்போதுதான் வம்பு. அந்தக் காலத்து பிட், நீளவாக்கில் பிளந்த குழாய் மாதிரியோ கரண்டி மாதிரியோ இருக்கும். சுற்றினால் சுரண்டும், அவ்வளவுதான். தானாக உள்ளே இறங்காது. மனுஷன்தான் உடம்பு பாரத்தைக் கொடுக்கவேண்டும். தூள் அடைத்துக்கொண்டால் வெளியே எடுத்துத் தட்டிவிட்டு மறுபடி முதலிலிருந்து. மரக் கப்பலில் பலகையைச் சட்டத்தோடு பிடித்து நிறுத்துவது மர ஆணிகள். துளை கோணினால் ஆணி இறுகாது. ஆணி ஆடினால் தண்ணீர் கசியும். நடுக்கடலில்!

நெஞ்சுக்கு விடுதலை கொடுத்தது பிட்டின் நுனியில் உட்கார்ந்த ஒரு குட்டித் திருகாணி. அமெரிக்காவின் கனெக்டிகட்டைச் சேர்ந்த எஸ்ரா லாமெடியூ, நடுவில் திருகாணி வைத்த இரட்டை முறுக்கு பிட்டுக்கு 1809-ல் பேடன்ட் வாங்கினார். அதே மாநிலத்து ரஸ்ஸல் ஜென்னிங்ஸ் 1855-ல் அதை இன்னும் மெருகேற்றினார். என்ன ஒரு வேலைப்பங்கீடு பாருங்கள்! திருகாணி மரத்தைப் பிடித்து பிட்டை உள்ளே இழுக்கிறது. ஓரத்தில் நிற்கும் இரண்டு குட்டிக் கத்திகள் வட்டத்தை முதலில் கீறிவிடுகின்றன. பின்னாலேயே வரும் வெட்டுவாய்கள், கீறிய வட்டத்துக்குள் இருப்பதை இழைப்புளி மாதிரி சீவி எடுக்கின்றன. சீவல் முறுக்கு வழியாக மேலே ஏறி வந்துவிடும். ஆள் சுற்றினால் போதும்!

இதில் எதை வாங்குவது? திருகாணியின் புரி நெருக்கமாக இருந்தால் தேக்கு, ஓக் போன்ற கெட்டி மரத்துக்கு. அகலமாக இருந்தால் பைன் மாதிரி மெத்து மரத்துக்கு. சுத்தமான துளை வேண்டும் என்றால் ஜென்னிங்ஸ். ஆழமாக, முரட்டுத்தனமாகப் போட வேண்டுமா? நடுத்தண்டைச் சுற்றி ஒற்றை முறுக்கு ஓடும் 'இர்வின்' ரகம். (ஒஹையோவில் மருந்து விற்றுக்கொண்டிருந்த சார்லஸ் இர்வின், 1880-களில் உள்ளூர்க் கொல்லர் ஒருவரிடமிருந்து உரிமையை வாங்கிய சமாசாரம் இது!) தண்டில் குத்தியிருக்கும் எண் பதினாறில் ஒரு பங்கு இன்ச் கணக்கு. 12 என்றால் முக்கால் இன்ச்.

மழுங்கிய பிட் திரும்ப மனுஷனின் நெஞ்சைத்தான் கேட்கும். அதனால் தீட்டியாகவேண்டும். இங்கேதான் பலர் பிட்டைக் கொலை செய்கிறார்கள்! ஓரக் கத்தியை வெளிப்பக்கம் அராவவே கூடாது. துளையின் அகலத்தைத் தீர்மானிப்பதே அந்த வெளி ஓரம். அது மயிரிழை குறைந்தாலும், கத்தி வெட்டும் வட்டத்துக்குள் பின்னால் வரும் உடம்பு நுழையாமல் நடுமரத்தில் சிக்கிக்கொள்ளும். அப்புறம் அது பிட் அல்ல, ஆப்பு! எனவே கத்தியை உள்பக்கம் மட்டும். வெட்டுவாயை மேல்பக்கம் மட்டும். இரண்டு வாயும் ஒரே உயரத்தில் நிற்கவேண்டும். இதற்கென்றே ஒரு அரம் இருக்கிறது. ஒரு முனையில் ஓரங்களில் பல் கிடையாது, மறுமுனையில் தட்டைப் பக்கத்தில் பல் கிடையாது. ஒன்றைத் தீட்டும்போது பக்கத்தில் இருப்பதைக் கடித்துவிடக் கூடாதே!

திருகாணியிலும் ஒரு குறை உண்டு. அது எப்போதும் ஒரு அடி முன்னால் போகிற ஆசாமி. பலகையைத் தாண்டாமல் பாதி ஆழத்தில் நிற்கிற, அடி தட்டையான துளை வேண்டும் என்றால், திருகாணி அந்தப் பக்கம் எட்டிப் பார்த்துவிடும். ஓரேகான் மாநிலம் சேலத்தில் (நம்ம சேலம் இல்லை!) துப்பாக்கி செய்துகொண்டிருந்த பெஞ்சமின் ஃபோர்ஸ்ட்னர், 1874-ல் வாங்கிய பேடன்ட்டில் அந்தத் திருகாணியையே தூக்கி எறிந்தார். வட்ட விளிம்பையே கத்தியாக்கினார். துளையின் சுவரே பிட்டுக்கு வழிகாட்டி! பலகையின் ஓரத்தில் அரைவட்டமாகக்கூடப் போடலாம், ஒரு துளைமேல் இன்னொன்றை ஏற்றியும் போடலாம். அழுத்தம் மட்டும் மறுபடி வெளியிலிருந்து வந்தாகவேண்டும். இப்போது அதற்கு மெஷின் இருக்கிறது. தீட்டும்போது இங்கேயும் அதே சட்டம்தான்: விளிம்பின் வெளிப்பக்கம் அரம் படக்கூடாது.

உங்கள் வீட்டு மாடுலர் கிச்சன் கதவைத் திறந்து, கீல் உட்கார்ந்திருக்கும் இடத்தைப் பாருங்கள். கிண்ணம் மாதிரி 35 மில்லிமீட்டர் வட்டக் குழி, அடி தட்டையாக, மறுபக்கம் ஒரு ஊசிப்பொட்டுகூடத் தெரியாமல். அது ஃபோர்ஸ்ட்னர் வம்சத்து பிட் போட்ட குழி.