வயிற்று எக்ஸ்ரே

வயிற்று எக்ஸ்ரே என்பது உதரவிதானம் முதல் இடுப்பெலும்பு வரையிலான பகுதியை ஊடுகதிரால் எடுக்கும் படம். ஊடுகதிரை 1895இல் வில்ஹெல்ம் ராண்ட்ஜன் கண்டறிந்தார். படத்தில் காற்று கருப்பாகவும், எலும்பும் சுண்ணாம்புப் படிவும் வெண்மையாகவும், தசையும் நீரும் சாம்பல் நிறமாகவும் தெரியும்.

நோயாளியை மல்லாக்கப் படுக்கவைத்து எடுப்பதே வழக்கம். தேவைப்பட்டால் நிற்கவைத்தும் எடுப்பர். சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பை வரை காட்டும் படம் ‘கே.யு.பி.’ எனப்படும்.

குடல் அடைப்பைச் சந்தேகிக்கும்போதே வயிற்று எக்ஸ்ரேயின் பயன் மிகுதி. வயிறு உப்பி, வாந்தி நிற்காமல், மலமும் காற்றும் பிரியாதிருந்தால் மருத்துவர் இதைக் கேட்பார். சிறுகுடல் 3 செ.மீ., பெருங்குடல் 6 செ.மீ., பெருங்குடலின் தொடக்கமான சீக்கம் 9 செ.மீ. விட்டத்தைத் தாண்டினால் குடல் விரிந்துள்ளது என்று பொருள். அடைப்பிருந்தால், நிற்கவைத்து எடுத்த படத்தில் காற்றும் நீரும் படிக்கட்டுபோல் மட்டங்கட்டி நிற்கும். குடலில் ஓட்டை விழுந்திருந்தால் உதரவிதானத்தின் அடியில் கரும்பிறை தெரியும். இதற்கு நிற்கவைத்து எடுக்கும் மார்புப் படமே மேல்.

குழந்தை விழுங்கியது காசா, பொத்தான் பேட்டரியா என்பதையும் எக்ஸ்ரே காட்டும். பேட்டரியின் விளிம்பு இரட்டை வளையமாகத் தெரியும். அது உணவுக்குழாயில் சிக்கினால் 2 மணி நேரத்திலேயே திசு வெந்துபோகும்; உடனே எடுத்தாக வேண்டும்.

சிறுநீரகக் கற்களில் பெரும்பாலானவை இதில் தெரியும். பித்தப்பைக் கற்களில் பெரும்பாலானவை தெரியாது. வேறு அறிகுறி இல்லாத வயிற்றுவலிக்கு இப்படம் அதிகம் உதவாது. அதனால் அல்ட்ராசவுண்டும் சி.டி. ஸ்கேனும் இதன் இடத்தைப் பெருமளவு பிடித்துவிட்டன. வயிற்று எக்ஸ்ரேயின் கதிரளவு மார்பு எக்ஸ்ரேயைவிடப் பல மடங்கு அதிகம். கருவுற்றிருக்கக்கூடிய பெண்கள் படம் எடுக்குமுன் அதைச் சொல்லிவிட வேண்டும்.