முதலில் மாட்டுக்கு

காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்த நாளில், 1940 ஜூனில் பாரிஸ் ஜனங்கள் ஊரை விட்டு ஓடிய கதையை வாத்தியார் சொல்வார். காரின் மேல் மெத்தையைக் கட்டியிருந்தார்கள். பாதி வழியில் பெட்ரோல் தீர்ந்தது. காரைச் சாலையோரம் விட்டுவிட்டு நடந்தார்கள்.

இரண்டே வருஷத்தில் அந்தப் பயம் நம் பக்கமும் வந்தது. 1942 ஏப்ரல் 6ஆம் தேதி ஜப்பான் விமானங்கள் விசாகப்பட்டினத்தில் குண்டு போட்டன. சில நாட்களில் சென்னை பாதி காலி. அங்கே பலசரக்குக் கடை வைத்திருந்த என் மனைவியின் தாத்தா, குடும்பத்தோடு ரயிலேறி விருதுநகரில் இறங்கினார். அருப்புக்கோட்டைக்கு அப்போது ரயில் கிடையாது. திருச்சுழி வரை மாட்டு வண்டிதான். சித்திரை வெயில், வழியெல்லாம் வறண்ட கண்மாய்.

சாமான் ஏற்றும் முன் தாத்தா வைக்கோல் வாங்கினார். சீர் வந்த பித்தளை அண்டாவில் இருந்த துணிகளை எடுத்துவிட்டுத் தண்ணீர் நிரப்பினார். மாடு படுத்துவிட்டால் அண்டா எதற்கு என்றாராம்.

நான் குமாஸ்தா. ஆபத்து என்றால் பட்டாவும் பென்ஷன் புத்தகமும்தான் முதலில் கைக்கு வரும். இப்போதெல்லாம் அதற்கு முன்பே கார் டேங்க்கையும் தண்ணீர்க் கேனையும் நிரப்பி வைத்துவிடுகிறேன்.