குசுமாசனதேவி: கண்டியின் முடி யாருடையது?

ரத்தோட்டை வழியா ரிவர்ஸ்டன் ஏறுறவங்க காத்தையும் மூடுபனியையும் பார்த்துட்டு இறங்கிடுவாங்க. இந்த மாத்தளைப் பகுதி 17ஆம் நூற்றாண்டில் விஜயபாலன் என்ற இளவரசனின் பங்கு. செனரத் மன்னன் தன் இராச்சியத்தைப் பிள்ளைகளுக்குப் பிரித்தபோது கிடைத்தது. சரி, செனரத்துக்கு அந்த இராச்சியம் எப்படி வந்தது? கல்யாணம் கட்டி. யாரை? அங்கதான் கதையே இருக்கு.

1582இல் சீதாவக்கை இராஜசிங்கன் கண்டியைப் பிடித்தான். தப்பியோடிய கண்டி மன்னன் கரலியத்தே பண்டார திருகோணமலைப் பக்கம் அம்மை நோயில் இறந்தார். மிஞ்சியது சின்ன மகள் குசுமாசனதேவியும் மருமகன் யமசிங்க பண்டாரவும். போர்த்துக்கேயர் இருவரையும் மன்னாருக்குக் கொண்டுபோய் ஞானஸ்நானம் கொடுத்தார்கள். அவள் தோன கத்தரீனா, அவன் தொம் பிலிப். லொத்தர் விழுந்த மாதிரிதான்: கண்டியின் வாரிசு இரண்டு பேர் ஒரே கையில்!

முதலில் பிலிப்பை அரியணையில் ஏற்றினார்கள். அவன் சீக்கிரமே செத்துப்போக, கூட வந்த கொனப்பு பண்டார நாட்டைப் பிடித்து விமலதர்மசூரியன் ஆனான். வீரம் இருந்தது, அரச இரத்தம் இல்லை. ஆகவே 1594இல் பேரோ லோப்பஸ் டி சூசா அவளையே அரசியாக்கக் கண்டிக்குப் படை நடத்தினார். உரிமையுள்ள அரசிதானே, சனம் ஏற்றிருக்க வேண்டும். ஆனா அவளைச் சுற்றிப் போர்த்துக்கேயக் காவல். ஒரு போர்த்துக்கேயனுக்குக் கட்டிக்கொடுக்கப் போறாங்கன்னு பேச்சு. அவளைப் பிடித்த சனத்துக்கும் அவளோடு வந்தவர்களைப் பிடிக்கவில்லை. தந்துரையில் படை அழிந்தது. பிடிபட்ட அரசியை விமலதர்மசூரியன் மணந்தான்.

பாடப்புத்தகம் இதை "திருமணத்தால் உரிமையை உறுதிப்படுத்தினான்" என்ற ஒரே வரியில் முடிச்சிடும். எனக்கு அது ஒத்துக்கொள்ளாது. அவளுடைய இரத்தத்தை ரெண்டு பக்கமும் மறுக்கவே இல்லை. சண்டை முழுக்க அந்த உரிமையை யார் கையில் வைத்திருப்பது என்பதில்தான். ஐரோப்பாவிலும் இதே கதை: அக்கித்தேன் கோமகள் எலினோரை 1137இல் பிரான்சின் லூயி மணந்தபோது கோமகனானது அவர், பிரிந்தபின் 1152இல் ஹென்றி மணந்ததும் அவர் கோமகன். நிலம் அவளுடையது, பட்டம் புருஷனுடையது.

1604இல் விமலதர்மசூரியன் இறந்தான். மறுபடியும் போட்டி. ஊவா இளவரசனும் ஆசைப்பட்டான். ஜெயித்தது துறவு ஆடையைக் கழற்றிவிட்டு வந்த உறவினன் செனரத். அவனும் அவளையே மணந்தான். ஒருத்தி, ரெண்டு மன்னர். பிறகு டச்சுக்காரரோடு சேர்ந்து போர்த்துக்கேயரை விரட்டிய இரண்டாம் இராஜசிங்கனும் அவள் வயிற்றுப் பிள்ளைதான்.

1613இல் இறந்தாள். அவளைப் பற்றி நாம படிக்கிறதில் பெரும்பகுதி கேய்ரோஸ், பால்டேயஸ் என்ற ரெண்டு வெளிநாட்டுப் பாதிரிமார் எழுதியது. பால்டேயஸ் யாழ்ப்பாணத்தில் ஊழியம் செய்த டச்சுக்காரர். அதற்கிடையில், பிலிப்பின் மகன் தொம் ஜோவாவோ லிஸ்பனில் கண்டி இளவரசன் என்ற பெயரோடே வாழ்ந்து 1642இல் இறந்தார். விஜயபாலனோ தம்பியோடு பகைத்து, போர்த்துக்கேயரிடம் தஞ்சம் புகுந்து, கோவாவில் செத்தான்.