டிரைவ் எழுத்தும் வட்டுப் பெயரும்
விண்டோஸ் கணினியில் வன்தட்டின் பகுதிகளை டிரைவ் எழுத்தும் பெயரும் அடையாளம் காட்டுகின்றன. ஏ, பி இரண்டும் நெகிழ்தட்டுகளுக்கு ஒதுக்கப்பட்டிருந்ததால் வன்தட்டு சி-யில் தொடங்குகிறது. பெயரை மாற்றினால் கோப்புகளுக்கு எதுவும் ஆகாது. எழுத்தை மாற்றினால் பழைய பாதையைத் தேடும் மென்பொருள்களும் குறுக்குவழிகளும் திறக்காமல் போகலாம்.

பெயரைத் தமிழிலும் இடலாம். யூனிகோடில் புள்ளியும் உயிர்மெய்க் குறிகளும் தனித்தனியாக எண்ணப்படும் என்பதை மறக்கக் கூடாது. அம்பாறைக் கரையோர ஊர்ப் பெயர்களே இதற்கு நல்ல எடுத்துக்காட்டு: கல்முனைக்கு 7 குறியீடுகள், சாய்ந்தமருதுக்கு 12. பென்டிரைவ்களில் பரவலான எக்ஸ்ஃபேட் அமைப்பின் வரம்பு 11. கல்முனை அடங்கும், சாய்ந்தமருது அடங்காது. என்டிஎஃப்எஸ் 32 வரை ஏற்கும்.

எழுத்தை மாற்ற டிஸ்க் மேனேஜ்மென்ட் போதும். விண்டோஸ் நிறுவப்பட்ட பகுதியின் எழுத்தை மட்டும் அது மாற்ற விடாது.