டாலி ஆகாத கார்பன் கணக்கு

1-டீஆக்ஸி-டி-சைலுலோஸ் 5-பாஸ்பேட். பெயரைப் பார்த்து ஓடிவிடாதீர்கள் மக்களே, இனிமேல் டிஎக்ஸ்பி என்றே சொல்கிறேன். பாஸ்பேட் ஒட்டிய ஐந்து கார்பன் சர்க்கரை, அவ்வளவுதான்.

ரப்பர், கேரட்டின் நிறம், கொலஸ்ட்ரால் எல்லாமே ஐந்து கார்பன் துண்டுகளைக் கோத்துக் கட்டியவை. ஐசோப்ரினாய்டுகள் என்பார்கள். 1956-ல் மெர்க் கம்பெனியில் மெவலோனிக் அமிலத்தைக் கண்டுபிடித்தார்கள். அசிட்டேட் இந்த அமிலமாகி, அதிலிருந்துதான் அந்தத் துண்டு வருகிறது என்று தெரிந்தது. கொலஸ்ட்ரால் ஆராய்ச்சிக்காக பிளாக், லைனன் இருவருக்கும் 1964-ல் நோபல் பரிசு. அப்புறமென்ன, எல்லா உயிருக்கும் இதே வழிதான் என்று பாடப்புத்தகங்கள் எழுதிவிட்டன.

பிரான்சில் மிஷேல் ரோமர் பாக்டீரியாவுக்கு கார்பன்-13 அடையாளமிட்ட அசிட்டேட்டைக் கொடுத்துப் பார்த்தார். அடையாளம் வரவேண்டிய இடத்தில் வரவில்லை. செல்லுக்குள் இரண்டு தனித்தனி அசிட்டேட் இருப்புகள் இருக்கலாம் என்று 1988-ல் விளக்கம் சொன்னார்கள். டிரையல் பேலன்ஸ் டாலி ஆகாவிட்டால் சஸ்பென்ஸ் அக்கவுண்டில் போட்டு வைப்போமே, அதேதான்! 1993-ல்தான் பாதையே வேறு என்று துணிந்து எழுதினார்கள். சூரிச்சில் அரிகோனியின் மாணவர்களும் அதே சமயத்தில் ஜிங்கோ மரத்தில் இதையே பார்த்தார்கள்.

கணக்கு எளிது. பைருவேட்டில் மூன்று கார்பன், கிளிசரால்டிஹைடு பாஸ்பேட்டில் மூன்று. ஒன்று கார்பன் டை ஆக்ஸைடாகப் போய்விட, மீதி ஐந்து. அதுதான் டிஎக்ஸ்பி.

இதில் வேடிக்கை, வைட்டமின் ஆராய்ச்சிக்காரர்களுக்கு இந்தச் சர்க்கரை 1980களிலேயே தெரியும். ஈ.கோலை பாக்டீரியா தயமின் (பி1) செய்வதும் பி6 செய்வதும் இதை வைத்துத்தான். டிஎக்ஸ்பி-யை உண்டாக்கும் என்சைமுக்கோ தயமின் வேண்டும். கோழியா முட்டையா கதை! அந்த என்சைமின் மரபணு 1997-ல் பிடிபட்டது.

நமக்கு என்ன லாபம்? மனித உடலில் இந்தப் பாதை கிடையாது. மலேரியா கிருமிக்கு உண்டு, அதுவும் பாசியிலிருந்து வந்த அபிகோபிளாஸ்ட் என்ற உறுப்புக்குள். டிஎக்ஸ்பி-க்கு அடுத்த படியை ஃபாஸ்மிடோமைசின் அடைக்கிறது. ஜப்பானில் ஃபுஜிசாவா கம்பெனி பாக்டீரியாவுக்காக எடுத்த பழைய மருந்து அது. 1999-ல் ஹசன் ஜோமா குழு அதைக் கொடுத்து மலேரியா வந்த எலிகளைக் குணமாக்கியது. ஆப்பிரிக்காவில் காபோன் நாட்டில் மனிதர்களிடமும் சோதித்தார்கள். காய்ச்சல் சீக்கிரம் இறங்கியது. ஆனால் தனியாகக் கொடுத்தபோது பலருக்குக் கிருமி திரும்பி வந்ததால், கிளிண்டாமைசினோடு சேர்த்துக் கொடுக்க ஆரம்பித்தார்கள்.