ஆலோசனைக்கு வந்தது யார்?

1953 ஜனவரியில் அமெரிக்காவின் ‘லேடீஸ் ஹோம் ஜர்னல்’ என்ற பெண்கள் பத்திரிகையில் ஒரு தொடர் ஆரம்பமானது. ‘இந்தத் திருமணத்தைக் காப்பாற்ற முடியுமா?’ என்பதுதான் அதன் தலைப்பு. முதலில் மனைவி பேசுவாள், அடுத்து கணவன், கடைசியாக ஆலோசகர். பல பத்தாண்டுகள் ஓடிய தொடர் இது. பெரும்பாலும் ‘முடியும்’ என்றே முடியும். அதற்கான வேலையில் பெரும்பங்கு மனைவியின் தலையில் விழும்: கொஞ்சம் சிரித்த முகமாக இரு, குறை சொல்வதைக் குறை, அவன் களைத்து வருகிறான் என்று புரிந்துகொள். காப்பாற்றப்பட வேண்டியதாகத் தலைப்பு எதைச் சொல்கிறது என்று ஒரு நிமிடம் பாருங்கள்.

கிறிஸ்தவத் திருமண, குடும்ப ஆலோசனையில் முதுகலைப் பட்டம் படிக்கக் கலிபோர்னியாவுக்குப் போன நான், இரண்டாம் பருவத்தில்தான் இந்தப் பழைய இதழ்களைத் தேடிப் பிடித்து வாசித்தேன். நாங்கள் படித்த துறைக்கு ஒரு குடும்ப மரம் உண்டு. அதை எங்கள் பாடத்திட்டம் வேகமாகத் தாண்டிப் போனது.

அந்தத் தொடரில் வந்த தம்பதியரின் கதைகள் லாஸ் ஏஞ்சல்ஸில் 1930இல் பால் போபெனோ நிறுவிய அமெரிக்கக் குடும்ப உறவுகள் நிறுவனத்திலிருந்து வந்தவை. போபெனோ மனநலம் படித்தவர் அல்ல. பேரீச்சை வளர்ப்பு பற்றிப் புத்தகம் எழுதியவர். ‘டாக்டர்’ என்பது ஒரு கல்லூரி கொடுத்த கௌரவப் பட்டம். அவருடைய உண்மையான ஈடுபாடு யூஜெனிக்ஸ், அதாவது ‘தகுதியான’ மனிதர்கள் பெருக வேண்டும், ‘தகுதியற்றவர்கள்’ பெருகக் கூடாது என்ற கொள்கை. கலிபோர்னியாவில் 1909லேயே கட்டாயக் கருத்தடைச் சட்டம் வந்துவிட்டது. அதன்கீழ் சுமார் 20,000 பேர் மலடாக்கப்பட்டார்கள். அந்தத் திட்டத்தைப் புகழ்ந்து 1929இல் இன்னொருவருடன் சேர்ந்து நூல் எழுதினார் போபெனோ. 1934இல் நாஜி ஜெர்மனியின் கருத்தடைச் சட்டத்தை ஆதரித்தும் கட்டுரை எழுதினார். அடுத்த படி எளிதானது. தகாதவர்களைத் தடுத்தால் போதுமா, தகுந்தவர்களின் திருமணங்கள் உடையாமல் இருக்க வேண்டாமா? படித்த, வெள்ளை, நடுத்தர வர்க்க மனைவி வீட்டை விட்டுப் போய்விட்டால் அவள் பெற வேண்டிய பிள்ளைகள் என்ன ஆவது? திருமண ஆலோசனைக்கு அவர் வந்து சேர்ந்த பாதை இது.

எல்லோரும் இந்தப் பாதையில் வந்தவர்கள் என்று சொன்னால் அது அநியாயம். பிலடெல்பியாவில் எமிலி மட் போன்றவர்கள் பெண்களின் கருத்தடை உரிமைக்கான இயக்கத்திலிருந்து இதே துறைக்கு வந்தார்கள். ஆனால் வீடுவீடாகப் போய்ச் சேர்ந்தது போபெனோவின் பத்திரிகைக் குரல்தான்.

போபெனோ பக்திமான் அல்ல. கிறிஸ்தவர்கள் கைக்கு இது எப்படிப் போனது? அவருடைய நிறுவனத்தில் வேலை பார்த்த ஜேம்ஸ் டாப்சன் என்ற உளவியலாளர் 1977இல் ‘ஃபோகஸ் ஆன் தி ஃபேமிலி’யைத் தொடங்கினார். வானொலி வழியாக அவர் அமெரிக்க எவாஞ்சலிக்கல் வீடுகளின் ஆலோசகரே ஆகிவிட்டார். கணவன் தலை, மனைவி துணை என்ற பழைய வரிசைக்கு இப்போது வசன ஆதாரமும் இருந்தது, உளவியல் ஆதாரமும் இருந்தது.

இதற்கிடையே படிப்பு முறைப்பட்டது. கலிபோர்னியா 1963இல் திருமண, குடும்ப ஆலோசகர்களுக்கு உரிமம் கொண்டுவந்தது. பாசடீனாவிலுள்ள ஃபுல்லர் இறையியல் கல்லூரி 1965இல் உளவியல் பள்ளியைத் திறந்தது. 1970இல் யார்மீதும் குற்றம் நிரூபிக்காமலே விவாகரத்து பெறும் சட்டம் கலிபோர்னியாவில் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு ஜே ஆடம்ஸ் எழுதிய நூல், உளவியலே வேண்டாம், வேதாகமமும் கண்டித்துத் திருத்துவதும் போதும் என்றது. இந்தப் பிளவு இன்றும் இருக்கிறது. ஒரு கல்லூரியின் பட்டம் உரிமத்துக்குக் கொண்டுபோகும், இன்னொன்றின் பட்டம் சபைக்குள் மட்டும் செல்லும்.

என் வகுப்பில் பெரும்பாலோர் பெண்கள். காரணம் ஒன்றும் மர்மமில்லை. அவர்களில் பலருடைய சபைகளில் பெண் ஆயராக முடியாது. பிரசங்க மேடை கிடைக்காதவளுக்கு ஆலோசனை அறை கிடைத்தது. கதவைச் சாத்தி, ஒருவரோடு அல்லது இருவரோடு பேசலாம். அதற்கு அபிஷேகம் தேவையில்லை.

எங்களுக்குக் கற்றுத்தந்த குடும்ப சிகிச்சைக் கோட்பாடு சபையிலிருந்து வந்ததல்ல, மதச்சார்பற்றது. குடும்பம் ஒரு அமைப்பு. அதில் ஒருவர் செய்வது இன்னொருவரைத் தூண்டும், அது திரும்பி வரும். யாரையும் குற்றவாளி என்று பார்க்காதே, சுழற்சியைப் பார் என்பது அதன் அடிப்படை. கேட்கும்போது நியாயமாகத்தான் படும். அடி வாங்குபவளும் அடிப்பவனும் ஒரே சுழற்சியின் இரு பாதி என்று எழுதிப் பாருங்கள். 1978இல் ரேச்சல் ஹேர்-மஸ்டின் குடும்ப சிகிச்சைக்கு ஒரு பெண்ணிய அணுகுமுறையை முன்வைத்தபோது தொட்டது இந்த இடத்தைத்தான்: குடும்பத்துக்குள் அதிகாரம் சமமாக இல்லை, சமம் என்று வைத்துக்கொண்டு நடுநிலை வகிப்பது இருக்கும் அதிகாரத்துக்குத் துணைபோவது. கீழ்ப்படி என்ற உபதேசமும் நடுநிலை என்ற கோட்பாடும் ஒன்றையொன்று ஏளனம் செய்துகொண்டே ஒரே பெண்ணை ஒரே வீட்டுக்குத் திருப்பி அனுப்பின.

சபைக்குள்ளிருந்தே இதை எதிர்த்தவர்களில் எனக்கு முக்கியமானவர் மேரி ஃபார்ச்சூன். சியாட்டிலில் 1977இல் (டாப்சன் தொடங்கிய அதே ஆண்டு, தற்செயல்தான்) பாலியல் வன்முறையையும் குடும்ப வன்முறையையும் தடுப்பதற்கான மையத்தை நிறுவிய பெண் குரு அவர். வேதத்தை அவர் தூக்கிப் போடவில்லை. விவாகரத்தைக் கடவுள் வெறுக்கிறார் என்று ஆயர்கள் காட்டும் மல்கியா 2:16 அங்கேயே நின்றுவிடுவதில்லை. அதே வசனம் கொடுமை செய்பவனையும் கண்டிக்கிறது. எபேசியர் 5இல் மனைவிகளுக்குச் சொன்ன 22ஆம் வசனத்துக்கு முன்னால் எல்லோருக்குமான 21 இருக்கிறது, ஒருவருக்கொருவர் கீழ்ப்படிவது பற்றி. முழுவதும் வாசியுங்கள் என்பதே அவரைப் போன்றவர்களின் கோரிக்கை. அப்போது உடைந்தது எது, உடைத்தது யார் என்ற கேள்வி மாறுகிறது: உடன்படிக்கையை முறித்தது அடித்த கை, வழக்குப் போட்ட கை அல்ல.

திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்த எனக்கு இது வெறும் அமெரிக்கக் கதையாகப் படவில்லை. நம் நாட்டில் 1869இன் விவாகரத்துச் சட்டப்படி கிறிஸ்தவக் கணவனுக்கு மனைவியின் பிறன்மனை உறவு ஒன்றே போதும். மனைவிக்கோ கணவனின் பிறன்மனை உறவோடு கொடுமையையோ கைவிடுதலையோ சேர்த்து நிரூபிக்க வேண்டும். வெறுமனே அடித்தான் என்பது போதாது. 1995இல் கேரள உயர் நீதிமன்றம் இந்தப் பாகுபாட்டைத் தாக்கியது. சட்டம் திருந்தியது 2001இல். அதுவரை கொடுமைக்கு மட்டும் விடுதலை கேட்கும் கிறிஸ்தவப் பெண்ணுக்கு நீதிமன்றக் கதவு மூடியிருந்தது; ஆயர் வீட்டு முன்னறைதான் அவளுடைய நீதிமன்றம். அங்கே ‘ஜெபம் பண்ணும்மா, பொறுத்துப் போ’ என்று கேட்டுவிட்டு வந்த அத்தைமார்கள் எனக்கு உண்டு.

இந்தப் படிப்புக்குப் போகலாமா என்று கேட்டு இப்போதும் பெண்கள் எனக்கு எழுதுகிறார்கள். போங்கள் என்றுதான் சொல்கிறேன். அந்த முன்னறையில் உட்காருபவர்களில் பயிற்சி பெற்ற பெண்களும் இருக்க வேண்டும். ஆனால் கட்டணம் கட்டுமுன் கல்லூரிக்கு எழுதிக் கேளுங்கள். இந்தப் பட்டம் உரிமத்துக்குச் செல்லுமா, கலிபோர்னியா கேட்கும் 3,000 மணிநேர மேற்பார்வைப் பயிற்சியை எங்கே செய்வது, மேற்பார்வையாளர்களில் பெண்கள் எத்தனை பேர்? தம்பதியாக வருபவர்களை முதலில் தனித்தனியாகப் பார்த்து, வீட்டில் பயம் உண்டா என்று கேட்பது அங்கே விதியா, அவரவர் விருப்பமா? பயம் உண்டென்று அவள் சொல்லிவிட்டால், இருவரையும் ஒன்றாக உட்காரவைப்பதை நிறுத்தச் சொல்லித் தருகிறார்களா? பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.